பிஎம்டபிள்யூ 2 சீரீஸ் கூபே: மூக்கு ஓகே, முதுகு தான்...

நேத்து டர்பன் பக்கம் உம்லாங்காவுல ஊதா கலர் 2 சீரீஸ் கூபே ஒண்ண சுத்தி சுத்தி பாத்தேன், அந்த கலருக்கு தண்டர்நைட்னு பேரு, கூட வந்த மாமா கத்தரிக்கான்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு, ஆனா டர்பன் வெயில்ல நின்னா கண்ண எடுக்க முடியலப்பா.

2021ல போட்டோ வந்தப்ப எங்க சாட்ஸ்வொர்த் ஏரியா பசங்க கலாய்ச்சு தள்ளினாங்க, நானும் தான். நேர்ல வேற மாதிரி இருக்கு. கிரில் அகலமா படுத்தாப்ல, 4 சீரீஸோட அந்த பெரிய பல்லு இல்ல, அதுவே நிம்மதி. பானெட் நீளம், கேபின் பின்னாடி தள்ளி உக்காந்திருக்கு, 220ஐ மாடல் பின் வீல் டிரைவ் வேற, இப்படி நிக்கிற தோரணை தான் அதுக்கு அழகு.

பின்பக்கம் எனக்கு செட் ஆகல. பம்பர் ரொம்ப தடி, யாரோ தலகாணிய சொருகின மாதிரி. பழைய கூபேய விட 10 சென்டிமீட்டருக்கு மேல நீளம் கூடி 4.5 மீட்டர தாண்டிடுச்சு, இத சின்ன கார்னு சொல்ல வாய் வரல.

நம்ம தென்னாப்பிரிக்காவுல எத காட்டினாலும் குஷேஷே மாதிரி வருமாம்பாங்க, அதான் இங்க வித்த பழைய பிஎம்டபிள்யூ 3 சீரீஸ், ஈ30 325ஐஎஸ். அது ப்ரிட்டோரியா பக்கம் ராஸ்லின்ல செஞ்சது, இது மெக்சிகோவுல இருந்து வருது, அந்த கடுப்பும் கொஞ்சம் இருக்கு போல.

ரெண்டே கதவு தான், பின் சீட்டுல அம்மாவ ஏத்தி புரட்டாசி சனிக்கிழமை கோயிலுக்கு போறதெல்லாம் நடக்காது. டிக்கி 390 லிட்டர், தேங்கா பழமெல்லாம் தாராளமா போகும்.