காற்றாலை பீடரில் வோல்டேஜ் ஏறினால்: டாப் சேஞ்சரா, ரெகுலேட்டரா, ரியாக்டிவ் வலுவா?

கொழும்பு நகருக்குள் காற்றாலை கிடையாது. ஆனாலும் கற்பிட்டி, பளைப் பக்கம் 33 கிலோவோல்ட் லைனில் இணைந்திருக்கும் 10 மெகாவாட் ஆலைகளின் வோல்டேஜ் கணக்கு இங்குள்ள பொறியியலாளரின் மேசைக்கும் வரும். சோளகம் வீசும் மாதங்களில் ஊர் உறங்கினால் லோட் இறங்கும், காற்று இறங்காது. பீடரின் (உபநிலையத்திலிருந்து புறப்படும் லைனின்) நுனியில் வோல்டேஜ் ஏறுவது அப்போதுதான். வீட்டுக்கு 230 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம். 244ஐத் தாண்டக் கூடாது.

ஏற்றத்தை அடக்க எதைத் தேர்வது என்பதை முதலில் கொன்டக்டர், அதாவது லைன் கம்பிதான் சொல்லும். வலுவைத் தடையாலும், ரியாக்டிவ் வலுவை (வேலை செய்யாமல் லைனில் போய்வரும் வலு) ரியாக்டன்ஸாலும் (லைனின் தூண்டல் எதிர்ப்பு) பெருக்கிக் கூட்டி, லைன் வோல்டேஜால் வகுத்தால் ஏற்றம் வரும். ஆலை ரியாக்டிவ் வலுவை உறிஞ்சினால் இரண்டாவது பகுதி கழிபடும்.

20 கிலோமீற்றர் லிங்ஸ் (தடித்த கம்பி வகை) லைன் என்று வைப்போம்: தடை 3.2 ஓம், ரியாக்டன்ஸ் ஏறத்தாழ 7 ஓம். 10 மெகாவாட் ஓடினால் ஏற்றம் 970 வோல்ட், அதாவது 2.9 சதவீதம். பவர் பெக்டரை (மொத்த வலுவில் பயன்படும் வலுவின் பங்கு) 0.95இல் வைத்து 3.3 மெகாவார் ரியாக்டிவ் வலுவை உறிஞ்சவிட்டால் மிஞ்சுவது 0.8 சதவீதம்தான். அதே தூரம் மெல்லிய ரக்கூன் கம்பி என்றால் இரண்டும் 7.4 ஓம் அளவில் நிற்கும்: ஏற்றம் 6.8, உறிஞ்சிய பிறகும் 4.6. லிங்ஸில் வேலையை முடிக்கும் வழி ரக்கூனில் பாதிவழியில் நின்றுவிடுகிறது. நகரத்துத் தாழ் அழுத்த ஏபிசி (முறுக்கிய காப்பிட்ட கம்பிக் கட்டு) கேபிளில் தடை ரியாக்டன்ஸைப் போல் பல மடங்கு. கூரைச் சோலாருக்கு இந்த வழியை நம்புவது வீண்.

இலவசமும் இல்லை. கரண்ட் 5 சதவீதம் கூடும், லிங்ஸ் லைனின் இழப்பு 294 கிலோவாட்டிலிருந்து 326க்குப் போகும், உறிஞ்சும் மெகாவாரைக் கிரிட் உபநிலையம் கொடுத்தாக வேண்டும். எனவே நிலையான பவர் பெக்டரை விட, வோல்டேஜ் 33 கிலோவோல்ட்டின் 1.03 மடங்கைத் தாண்டினால் மட்டும் உறிஞ்சத் தொடங்கி 1.05 மடங்கில் முழு அளவை எட்டும் சரிவு முறை நல்லது. அது சில விநாடிகளில் பதிலளிக்கட்டும். டாப் சேஞ்சரின் (உபநிலைய ட்ரான்ஸ்போமரின் சுற்று விகிதத்தைப் படிப்படியாக மாற்றும் கருவி) தாமதம் 45 விநாடிக்குக் குறைய வேண்டாம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் ஒன்றையொன்று துரத்தும்.

டாப் சேஞ்சரை மட்டும் நம்புவது மலிவாகத் தெரியும். உபநிலையத்தின் பஸ்பாரில் (பீடர்கள் கிளம்பும் பொதுக் கம்பி) ஐந்து பீடர் இருக்க, ஒன்றில் மட்டும் ஆலை இருந்தால் வோல்டேஜை இறக்குவது மற்ற நான்கின் நுனியையும் இறக்கும். லைன் ட்ராப் கொம்பன்சேசன் (லோட் கரண்ட் கூடினால் வோல்டேஜைக் கூட்டும் ஏற்பாடு) போட்டிருந்தால் இன்னும் மோசம்: ஆலை தரும் கரண்டால் ட்ரான்ஸ்போமர் கரண்ட் குறைய, லோட் இல்லை என்று ரிலே எண்ணித் தானாகவே இறக்கிவிடும்.

ரக்கூன் லைனுக்கு நடுவில் ஒரு ஸ்டெப் ரெகுலேட்டர் (லைனிலேயே வைத்து, தானாக டாப் மாற்றி வோல்டேஜைச் சீராக்கும் கருவி) எங்கள் தேர்வு: 32 படி, படிக்கு 0.625 சதவீதம், மொத்தம் கூடக்குறைய 10. ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் அமைப்பைப் பார்க்காமல் அதற்கு மின் கொடுக்காதீர்கள். வலு பின்னோக்கி ஓடும்போது சாதாரண இருதிசை முறையில் அது உபநிலையப் பக்கத்தைச் சீராக்கப் பார்க்கும். அந்தப் பக்கம் அசையாது. டாப் எல்லைவரை ஓடி, ஆலைப் பக்க வோல்டேஜ் எகிறும். திசை மாறினாலும் ஆலைப் பக்கத்தையே பார்க்கும் கோஜெனரேசன் முறை வேண்டும்.

ரக்கூனை லிங்ஸாக மாற்றினால் 6.8 என்பது 2.9 ஆகும், இழப்பும் பாதிக்குக் கீழே இறங்கும். கிலோமீற்றருக்கு 318 கிலோ எடை 842 ஆகிறது. பழைய கம்பங்கள் தாங்காது. ஆலையின் உற்பத்தியைக் குறைப்பது வருடத்தில் சில மணி நேரத்துக்கு மட்டும் சரி. 10 சதவீதம் வெட்டினால் ரக்கூனில் 0.7 சதவீதம்தான் இறங்கும்.

இவற்றில் எதற்கும் காசு செலவழிக்க முன், நுனியிலுள்ள ட்ரான்ஸ்போமர்களின் டாப்பைப் பாருங்கள். ஆலை வருமுன் நுனியில் வோல்டேஜ் தாழ்ந்திருந்ததால் பலவற்றைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஒரு படி 2.5 சதவீதம், மாற்ற மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இறக்கிய பிறகு காற்றில்லாத மாலை உச்ச நேரத்தில் 216க்குக் கீழே போகிறதா என்று அளந்து பார்த்தே விட வேண்டும்.