பெட்ரோல் புல்வெட்டி: தென்னந்தோப்பில் பழகிய அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் குடியிருப்பவர்களுக்கு ஆனி, ஆடி வந்துவிட்டால் புல்தான் பெரிய வேலை. சாரல் பிடித்த சில வாரங்களில் வாய்க்கால் ஓரமெல்லாம் கோரை எழுந்து நிற்கும். வேலியோரம் பார்த்தீனியம் பூத்துவிடும். விழுந்த தேங்காயைத் தேடி எடுக்க முடியாது, பாம்பு கிடந்தாலும் தெரியாது. அரிவாளோடு வர ஆள் கிடைப்பது அரிதான பிறகு, தோளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி ஒன்றை வாங்கினோம். கடைகளில் பிரஷ் கட்டர் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். வாங்கிய நாளிலிருந்து அதன் பராமரிப்பு முழுவதும் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிறது. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இந்த இயந்திரம் புல் வெட்டித் தேய்ந்து கெடுவது குறைவு. மழை ஓய்ந்து கொட்டகையில் மாட்டி வைத்திருக்கும் மாதங்களில், டாங்கில் மிச்சம் கிடக்கும் பெட்ரோலால் கெடுவதே அதிகம்.

ஆகவே பெட்ரோலிலிருந்தே தொடங்குகிறேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஆயில் அறை கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் டூ டி ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காக்கிறது. 50-க்கு 1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 40-க்கு 1 என்றால் 25 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. உங்கள் இயந்திரத்துக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். பக்கத்துத் தோப்பில் ஊற்றும் அளவை வைத்து முடிவுசெய்யக் கூடாது, அவருடைய எஞ்சின் வேறாக இருக்கலாம். பலரும் ஆயில் டப்பாவின் மூடியால் குத்துமதிப்பாக அளந்து ஊற்றுகிறார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று இருந்தால் இந்தக் குத்துமதிப்பே தேவையில்லை. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கேடுதான் என்பதைப் பலர் நம்புவதில்லை. கூடுதல் ஆயில் முழுதாக எரியாமல் பிளக்கிலும் சைலன்ஸரிலும் கரியாகப் படிகிறது.

ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50 ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கலவை பழக்கமானதுதான். ஆனால் புல்வெட்டியின் எஞ்சின் சிறியது. பைக்கைப்போல எதிர்க்காற்றில் குளிரவும் அதற்கு வழியில்லை. நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் சூடேறுகிறது. அதனால் விலை குறைந்த சில்லறை ஆயிலை நான் வாங்குவதில்லை. டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எஃப்சி அல்லது எஃப்டி தரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குகிறேன்.

அடுத்தது எத்தனால். 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோல்தான் இப்போது எல்லாப் பங்க்குகளிலும் கிடைக்கிறது. அதில் 20 சதவீதம் எத்தனால். தோட்டக் கருவி செய்யும் பல நிறுவனங்களின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாங்க் மூடியில் காற்றுப் போகும் வழி உண்டு என்பதால், மழைக்காலக் கொட்டகையில் வைத்த பெட்ரோலில் மெல்ல மெல்ல நீர் சேர்கிறது. ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். நாம் கலந்த ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் முதலில் உறிஞ்சுவது அந்த ஆயில் இல்லாத அடித்தண்ணீரைத்தான். எஞ்சின் வெறும் வயிற்றோடு ஓடுகிறது. கோடுகள் விழுந்த பிஸ்டனைக் கண்டால் எல்லோரும் இயந்திரத்தின் தரத்தைத்தான் குறைசொல்கிறார்கள், டாங்கில் என்ன கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இதைச் சோதிப்பது எளிது. பழைய கலவையைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள். நல்ல கலவை ஆயிலின் நிறத்தோடு தெளிவாக இருக்கும். கலங்கலாகத் தெரிந்தாலோ அடியில் தனிப் படலம் நின்றாலோ அதை எஞ்சினுக்குக் காட்டவே கூடாது. நான் ஒரு லிட்டருக்கு மேல் கலந்து வைப்பதில்லை. கேனில் கலந்த தேதியை எழுதிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் பழையது டாங்குக்குப் போவதில்லை.

பெட்ரோல் கெட்டுப்போனால் அடி விழுவது கார்புரேட்டருக்கு. சோக் போட்டால் கிளம்புகிறது, சோக்கை எடுத்து வேகம் கொடுத்தால் அணைந்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. புல்வெட்டியைச் சாய்த்துத் திருப்பி எப்படிப் பிடித்தாலும் ஓட வேண்டும் என்பதால், அதன் கார்புரேட்டரில் பைக்கைப்போல மிதவை கிடையாது. மெல்லிய சவ்வுகள்தான் பெட்ரோலை இழுத்து அளந்து விடுகின்றன. வால்ப்ரோ, ஸாமா நிறுவனங்களின் கார்புரேட்டர்கள் பலவற்றில் ஒரு பக்கத் தகட்டை ஒற்றை ஸ்க்ரூவும் மறுபக்கத் தகட்டை நான்கு ஸ்க்ரூக்களும் பிடித்திருக்கும். ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினால் சிறு மடல்கள் வெட்டிய சவ்வு, அதற்கடியில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கம்பிவலை. கெட்ட பெட்ரோல் நின்ற கார்புரேட்டரில் இந்த வலையின் மேல் பச்சையும் பழுப்புமாகப் பிசின் படிந்திருக்கும். ஊசிமுனையால் குத்தாமல், கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றால் ஊதினால் போய்விடும். நான்கு ஸ்க்ரூ பக்கம் நடுவில் உலோகப் பொத்தான் வைத்த கறுப்புச் சவ்வு ஒன்று இருக்கும். நல்ல சவ்வு விரல் வைத்தால் துணிபோலக் குழைந்து கொடுக்கும். கெட்டது விறைத்துப்போய், அழுத்தினால் காகிதம்போலச் சடசடக்கும். விறைத்த சவ்வை எதைப் போட்டுக் கழுவினாலும் மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். சவ்வும் கேஸ்கட்டும் சேர்ந்த கிட் தனியாக விற்கிறார்கள். முழுக் கார்புரேட்டரையும் மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள், முதலில் கிட் போட்டுப் பாருங்கள். கழற்றும்போது எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. கேஸ்கட்டும் சவ்வும் இடம் மாறினால் எஞ்சின் கிளம்பாது.

டாங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் பெட்ரோல் ஏற்ற அழுத்தும் ரப்பர் குமிழையும் மழைக்கு முன்பே பார்த்துவிடுகிறேன். குழாய் வெடித்தால் காற்றையும் சேர்த்து இழுத்து, எஞ்சின் தாறுமாறாகக் கத்தும். ஃபில்டரை வெளியே எடுக்க ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக்கொண்டால் போதும். விலை அற்பம், சீசனுக்கு ஒன்று மாற்றிவிடலாம்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்துப் போட்டால் போதும். பிளக்கைக் கழற்றினால் அதன் முனை வறுத்த காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் கூடியிருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளிறிப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டக் கூடாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள விசிறி மடிப்புகளில் புல்தூள் அப்பிக்கொள்வதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினுக்கு அது போர்வை. பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் வேலை முடிந்ததும் தட்டிவிடுகிறேன்.

கீழே வெட்டும் தலைக்கு மேலிருக்கும் கியர் பெட்டியைப் பற்றிக் கடையில் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அதன் பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றி உள்ளே கிரீஸ் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்து தொட்டால் கை வைக்க முடியாத சூடு என்றால் கிரீஸ் வற்றிவிட்டது. நிரம்பத் திணித்தால் சூட்டில் விரிந்து ஆயில் சீலைத் தள்ளிவிடும், முக்கால் பாகத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. பிளேடு நட்டைக் கழற்றும்போது நினைவிருக்கட்டும், அது இடமரை. வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் கொடுத்து மரையை அழித்த இயந்திரங்களை மெக்கானிக் கடையில் பார்த்திருக்கிறேன்.

பிளேடுக்குப் பதிலாக மாட்டும் நைலான் நரம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. நரம்பால் புல் வெட்டும் கருவி 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் செய்தது. கார் கழுவும் இடத்தில் சுழலும் நைலான் பிரஷ்களைப் பார்த்து, தகர டப்பா ஒன்றில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டுப் பார்த்தார். இன்றைக்கும் தத்துவம் அதுவேதான்: நரம்புக்குக் கூர்மை இல்லை, வேகம்தான் வெட்டுகிறது. வேகம் மிகுதியாக இருப்பது நுனியில். நுனி மட்டும் புல்லில் படும்படி வீசினால் நரம்பு நெடுநேரம் வரும். புல்லுக்குள் ஆழமாகத் திணித்தால் எஞ்சினும் திணறும், நரம்பும் சூடாகிச் சுருளுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எத்தனை தட்டினாலும் வெளியே வராது. இரண்டு இழையையும் குறுக்கே விழாமல் தனித்தனிப் பள்ளத்தில், அம்புக்குறி காட்டும் திசையில் சுற்ற வேண்டும். நரம்பைச் சுற்றும் ஸ்பூலை விளிம்புவரை நிரப்பக் கூடாது. கடையில் நெடுநாள் தொங்கிக் காய்ந்த நரம்பு பொட்டுப்பொட்டென்று ஒடியும். நைலான் நீரை உறிஞ்சிக் குழையும் தன்மை கொண்டது, ஆகவே சுற்றுவதற்கு முந்தைய நாள் வாளித் தண்ணீரில் ஊறப்போடுகிறேன். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

எங்கள் பக்கம் புல் சிக்குகிறது என்று காவல் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். அது கூடாது என்பதற்குக் கல் தெறித்துக் கண் போகும் ஆபத்து முதல் காரணம், அதுவே போதும். அதோடு, நரம்பை அளவாக வெட்டும் சிறு கத்தி அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. அது போனால் நரம்பு நீண்டு, எஞ்சினுக்குப் பாரம் கூடி, கிளட்ச் கருகுகிறது. கருவி ஓடும்போது 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று கையேடுகள் சொல்வதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். பார்த்தீனியம் வெட்டும் நாளில் முழுக்கைச் சட்டையும் முகமூடியும் கட்டாயம். அதன் தூள் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் எளிதில் விடாது.

தென்னைக்கு ஊடே ஜாதிக்காயும் கோகோவும் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இளங்கன்றின் அடிப்பட்டையில் நரம்பு சுற்றிலும் பட்டால் பட்டை உரிந்து, சில வாரங்களில் கன்று காய்ந்துவிடும். கன்றைச் சுற்றி ஒரு முழத்தைக் கைக்கொத்தால் சுத்தம் செய்துவிட்டு, அதற்கு வெளியேதான் இயந்திரம். சொட்டுநீர்க் குழாயையும் முதலில் ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும். கோரைக்கு இந்தக் கருவியால் தற்காலிகத் தீர்வுதான் கிடைக்கும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை மறுபடி தளிர்க்கும்.

பலம் மெல்லக் குறைந்தால் சைலன்ஸர் வாயிலுள்ள வலையைப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்தால் போதும். சிலிண்டரின் புகைவழியைச் சுரண்டுவதானால், பிஸ்டன் அந்த வழியை மூடி நிற்கும்படி நிறுத்திவிட்டு மரக்குச்சியால் மட்டும் சுரண்ட வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற 35.8 சிசி எஞ்சினில் கலவை வேலை இல்லை, தனி ஆயில் 100 மில்லிதான். முதல் மாதத்திலோ 10 மணி நேர ஓட்டத்திலோ ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கோ 50 மணி நேரத்துக்கோ ஒருமுறை மாற்றினால் போதும். புகையும் குறைவு. தினமும் ஓட்டுபவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதன் கார்புரேட்டருக்குள் போவதும் இதே பெட்ரோல்தான், நிற்கும் மாதங்களில் அதற்கும் இதே கதிதான்.

ஆகவே கார்த்திகை கடந்து புல் அடங்கியதும் நான் தவறாமல் செய்வது இது. டாங்கைக் காலி செய்கிறேன். ரப்பர் குமிழைச் சில முறை அழுத்திக் குழாயில் நிற்பதையும் டாங்குக்கே திருப்பி, அதையும் கொட்டிவிடுகிறேன். பிறகு கிளப்பி, தானாக அணையும்வரை மெதுவோட்டத்தில் விடுகிறேன். ஆறியதும் பிளக்கைக் கழற்றி, சில துளி டூ டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துச் சிலிண்டரெல்லாம் பரவவிட்டுப் பிளக்கை மாட்டுகிறேன். அரை மணி நேர வேலை. மிஞ்சும் கலவையைப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர் யாராவது அன்றைக்கே வாங்கிக்கொள்வார். வைகாசி பிறந்ததும் புதுப் பெட்ரோல், புது ஃபில்டர். புது இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன், அதன் கார்புரேட்டர் கிட்டும் ஃபில்டரும் பக்கத்து ஊரிலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.