சென்சார் பனியனா, நெஞ்சுப் பட்டையா, வாட்ச்சே போதுமா?

நாடியையும் மூச்சையும் அளக்கிற சென்சார் பனியன் ஒண்ணை அண்ணன்கிட்ட இரவல் வாங்கி, ஒரு மாசமா சிங்கப்பூர் பெடோக் ரிசர்வாயரைச் சுத்தி ஓடிட்டிருக்கேன், ஒரு நாள் பனியன், மறுநாள் நாடி அளக்கிற நெஞ்சுப் பட்டை, கையில எப்பவும் வாட்ச்.

வாட்ச்சை சீக்கிரம் முடிச்சிடுறேன். பச்சை லைட்டை தோல்ல அடிச்சு ரத்த ஓட்டத்தை வெச்சு நாடியைக் கணக்குப் போடுது, மெதுவா ஓடினா ஓகே, ஸ்பீடு எடுத்தா கை ஆடுறதையே துடிப்புன்னு நினைச்சுக்குது. ஒரு நாள் அண்ணன்கிட்ட கதை பேசிக்கிட்டே வர்றேன், மூச்சுகூட வாங்கல, நாடி 172ங்குது, பாத்தா நிமிஷத்துக்கு எத்தனை எட்டுங்கிறதும் அதே 172! "தம்பி, அது உன் காலை எண்ணுது லா"ன்னு சிரிச்சாரு.

பட்டையும் பனியனும் இதயத்தோட மின்சாரத்தையே பிடிக்குது, அதனால நிஜப் போட்டி இதுங்களுக்குள்ளதான். பனியன்ல நெஞ்சுகிட்ட வர்ற துண்டு துணிதான், ஆனா வெள்ளி பூசின நூல் மாதிரி மின்சாரம் கடத்துற நூல்ல பின்னினது. தோல் காஞ்சிருந்தா ஒண்ணும் பிடிக்காது. ஆபீஸ் ஏசியிலேருந்து நேரா வந்து மாட்டின அன்னிக்கு சும்மா நடக்கும்போதே 190 காட்டுச்சு, குழாயில கையை நனைச்சு உள்பக்கம் தடவின பிறகுதான் அடங்குச்சு. நம்ம ஊர் புழுக்கத்துல வேர்வைக்கா பஞ்சம்னு நினைச்சேன், அந்த வேர்வைதான் ரெண்டாவது ரவுண்டுல வில்லன், பனியன் ஊறி கனத்து கீழ இழுக்குது, துணி நகர்ந்தா அந்தத் துண்டும் நகருது, நம்பர் மறுபடி குப்பை. ஒரு சைஸ் கம்மியா, தோலோட ஒட்டிக்கிட்டு இருக்கணும். நாசி லெமாக் தொப்பையோட அதுல நிக்கிறதே ஒரு தைரியம்தான்!

2019ல சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல (என்யூஎஸ்) ஜான் ஹோ குழு, சென்சார் அனுப்புற புளூடூத் சிக்னல் காத்துல சிதறாம உடை மேலயே ஓடுற மாதிரி ஒரு துணி செஞ்சு, இணைப்பு 1000 மடங்கு பலமாகுதுன்னு காட்டினாங்க. அருமையான வேலை, ஆனா சிக்னல் போற வழி சரியானாலும் நெஞ்சுல துணி வழுக்கினா வழுக்கினதுதான்.

பனியன் தூக்கி அடிக்கிற இடம் மூச்சு. மாண்ட்ரியல்லேருந்து வர்ற ஹெக்ஸோஸ்கின் மாதிரி சட்டைகள்ல நெஞ்சைச் சுத்தி ஒண்ணு, வயித்தைச் சுத்தி ஒண்ணுன்னு துணிக்குள்ளயே ரெண்டு வளையம், உடம்பு விரிஞ்சு சுருங்குறதை வெச்சு மூச்சை எண்ணும். நான் போட்டதும் அதே வகை. 400 மீட்டர் வேகமா ஓடி, கொஞ்சம் ஓய்வெடுத்து, திரும்பத் திரும்ப ஓடுற இன்டர்வல்ல நாடி ஆடி அசைஞ்சு ஏறுது, மூச்சு உடனே எகிறுது, வேகத்தை அளவுக்கு மீறி எடுத்துட்டோம்னு முதல் ரெண்டு ரிப்பீட்லயே தெரிஞ்சுடுது. பட்டை இதை நேரா அளக்காது.

ஆனா துவைக்கணுமே! பட்டையை அலசி பாத்ரூம் கதவுல மாட்டினா காலையில ரெடி, போலார் எச்10ங்கிற பட்டையில காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி 400 மணி நேரம் வரும்ங்கிறாங்க. பனியனுக்கு அதுல மாட்டியிருக்கிற பதிவுக் கருவியைக் கழட்டணும், ட்ரையர் ஆகாது, சாப்ட்னர் ஆகாது (அம்மா ஒரு தடவை பழக்கத்துல ஊத்திட்டாங்க, ரெண்டு ஓட்டம் சிக்னலே சரியில்ல). மழை வாரத்துல மூங்கில் கம்புல ரெண்டு நாள் கிடந்தும் ஈரம் போகல, தினம் ஓடுறவனுக்கு இன்னொண்ணு வேணும், விலையோ பட்டையை விட பல மடங்கு.

கோச் வெச்சு ரேஸுக்குத் தயாராகுறவங்க பனியன் வாங்கலாம். எனக்குப் பட்டை. அண்ணன் பனியனைத் திருப்பிக் கேட்டாரு, "காயட்டும்ணே"ன்னு சொல்லி மூணு நாளாச்சு.