பிள்ளை எழும்பினால் நிறுத்த ஏலுமா? என் இரவுக்கு நாலு வழிகள்

இரவு 9.30. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீடு. பிள்ளை தூங்கி அரை மணித்தியாலம் ஆகிறது. சட்டி பானை கழுவியாயிற்று. காலையில் 5.30க்கு எழும்ப வேண்டும். எனக்கென்று மிஞ்சுவது ஒன்றேகால் மணித்தியாலம். அதில் எந்த வீடியோ கேமை விளையாடுவது, விளையாடத்தான் வேண்டுமா என்று ஐந்து வருடமாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். என் வயதில், என் நிலையில் இருக்கிற வேறு யாருக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

கேமிங், குடும்பம் என்று கதை தொடங்கினாலே "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியால் எனக்கு ஒன்றும் தெளியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் கேமிங் கோளாறும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் வரைவிலக்கணத்தில் மணித்தியாலக் கணக்கே கிடையாது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அது வந்துவிட்டதா, கேடு வந்த பிறகும் தொடர்கிறதா, பொதுவாக 12 மாத அளவில் அப்படியே நீடிக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எனக்கு அந்த நோய் இல்லை. ஆனால் அந்தப் பார்வை பிடித்தது. அதனால் ஒவ்வொரு வழியிலும் நான் கேட்பது இதைத்தான்: நடுவில் எழும்ப ஏலுமா? எழும்பினால் யாருக்கு நட்டம், எழும்பாவிட்டால் யாருக்கு?

நான் அதிகம் நேசிப்பதிலிருந்து தொடங்குகிறேன். பெடியளோடு டோட்டா: இணையத்தில் ஐந்து பேர் ஓரணியாக இன்னொரு ஐந்து பேரோடு மோதும் கேம். நாங்கள் ஐந்து பேர், ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் காலி வீதியில் ஒரு நெட் கஃபேயில் வரிசையாக இருந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம் ஆடியவர்கள். இப்போது நான் இங்கே, ஒருவன் தெஹிவளையில், ஒருவன் லண்டனில், இரண்டு பேர் ரொறன்ரோவில். சிங்கப்பூர் சேர்வரில்தான் சேருவோம். ரொறன்ரோக்காரர்களுக்குப் பிங், அதாவது சேர்வருக்குப் போய்வரும் தாமதம், இருநூறு மில்லிசெக்கனைத் தாண்டும். அதையும் பொறுத்துக்கொண்டு வருகிறார்கள்.

கேள்விக்கு வைத்துப் பார்த்தால் இது மிக மோசமாகத் தோற்கிறது. ஒரு மட்ச் 35, 40 நிமிடம் போகும், சிலவேளை ஒரு மணித்தியாலத்தையும் தொடும். எப்போது முடியும் என்று தொடங்கும்போது யாருக்கும் தெரியாது. நீங்கள் போஸ் பண்ணி ஆட்டத்தை இடையில் நிறுத்தினாலும் எதிரணி அதை எடுத்துவிடலாம். இணைப்பு விட்டு மொத்தம் 5 நிமிடம் கடந்தால் ஆட்டத்தைக் கைவிட்டதாகப் பதிவாகும். பிறகு இப்படித் தவறு செய்தவர்களை ஒன்றாகப் போடும் தண்டனை வரிசையில் போய் ஆட வேண்டும். கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலும் அப்படித்தான்: நடுவில் விட்டுப் போனால் முதலில் 30 நிமிடத் தடை, அடுத்த தடவை 2 மணித்தியாலம், பிறகு 24 மணித்தியாலம், பிறகு 7 நாள். இந்தத் தண்டனைகளை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற ஒன்பது பேரும் தங்கள் தங்கள் இரவிலிருந்துதான் அந்த நேரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஆனால் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அது தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் இரவு, மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் வந்து நின்றார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "ரெண்டு நிமிஷம்" என்றேன். மட்ச் முடிய 11 நிமிடம் ஆனது. நான் போனபோது விரிப்பு மாற்றி, தரை துடைத்து, பிள்ளையும் தூங்கியிருந்தது. அவர் ஏசவில்லை. "பரவாயில்லையப்பா, நீங்கள் விளையாடுங்கோ" என்றார். அந்தக் குரல் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அப்படியென்றால் இதை ஏன் முதலிலேயே தள்ளிவிடவில்லை? அந்த ஐந்து பேரும் வேறு எங்கும் கதைப்பதில்லை, அதனால்தான். வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பிறந்தநாள் வாழ்த்தும் கேக் படமும் ஓடும். ஒருவனுடைய அப்பாவுக்கு நெஞ்சறுவைச் சிகிச்சை என்று நாங்கள் அறிந்தது ஹெட்செட்டில், இரண்டு மட்சுக்கு நடுவில். இன்னொருவனின் கலியாணம் முறிந்ததும் அப்படித்தான் தெரியவந்தது. கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்கும்போதுதான் எங்களைப் போன்ற ஆம்பிளைகளுக்கு வாய் திறக்கிறது. முகத்துக்கு முகம் வீடியோ கோலில் "எப்படி மச்சான்?" என்று கேட்டால் "ஓகேடா" என்று முடிந்துவிடும். ஊரில் பாதிப்பேர் வெளிநாடு போய்விட்ட ஒரு சமூகத்துக்கு இது சின்ன விசயமில்லை.

போன் கேமுக்கு வருவோம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு 100ஆம் இலக்கப் பஸ்ஸில், நெரிசல் நேரத்தில், முக்கால் மணித்தியாலம் போகும். யாருடைய நேரமும் இல்லாத நேரம். ஃப்ரீ ஃபயர் ஒரு ரவுண்ட் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். பப்ஜி மொபைல் என்றால் 100 பேர், அரை மணித்தியாலம். கடதாசியில் எழுதிப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. நடைமுறையில் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. பஸ்ஸிலிருந்து நான் இறங்குவேன், கேம் இறங்காது. ஒவ்வொரு நாளும் திறந்தால்தான் கிடைக்கும் பரிசு, திகதி போனால் காலாவதியாகும் சீசன் பாஸ், கேண்டி கிரஷ் போல அரை மணித்தியாலத்துக்கு ஒன்றாகத் திரும்பி வரும் ஐந்து உயிர்கள். எல்லாம் நம்மைத் திரும்பத் திரும்ப அழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கந்தோரில் தேநீர் நேரத்தில் ஒருக்கால், சாப்பாட்டு மேசையில் ஒருக்கால், பிள்ளை கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருக்கால். டோட்டா என் இரவில் ஒரு துண்டைத்தான் எடுத்தது, இது நாள் முழுவதையும் துளை போட்டது. பிள்ளை ஒருநாள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. அன்றே அழித்துவிட்டேன்.

மூன்றாவது, தனியாக ஆடுவது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் பாவித்த நின்டென்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கேம் சாதனம் ஒன்று வாங்கினேன். 2017இல் வந்த பழைய மொடல்தான். இதில் என்னைக் கவர்ந்தது படத் தெளிவு அல்ல, மேலே இருக்கிற சின்னப் பொத்தான். பிள்ளை சிணுங்கினால் அழுத்துவேன், அந்தக் கணத்திலேயே ஆட்டம் உறங்கும். இரண்டு நாள் கழித்து அழுத்தினாலும் விட்ட இடத்திலேயே கிடக்கும். யாருக்கும் நட்டமில்லை. வீட்டில் இருந்த பிளேஸ்டேஷனிலும் இப்படி உறங்க வைக்கும் ரெஸ்ட் மோட் இருந்தது. ஆனால் கறண்ட் போனால் அதுவும் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் பற்றரியோடு கையில் நிற்கிற சாதனத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

தனியாக ஆடுவது எல்லாமே நிறுத்தக்கூடியது என்றும் நினைக்க வேண்டாம். எல்டன் ரிங் என்ற சண்டைக் கேமில் போஸ் பொத்தானே இல்லை. பெரிய எதிரியோடு மோதும்போது பிள்ளை அழுதால் செத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். முறை முறையாக நகர்த்தி ஆடும் சிவிலைசேஷனை எந்த நிமிடமும் மூடலாம், ஆனால் "இன்னும் ஒரு டேர்ன்" என்று விடிந்துவிடும். அங்கே தடை நமக்குள் இருக்கிறது. தோட்டம் செய்யும் கேமான ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 14 நிமிடம். படுக்கைக்குப் போனால் சேமிப்பாகும், நாளும் முடியும். என் ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு அது அச்சுப் போல் பொருந்துகிறது. மனைவி பக்கத்தில் இருந்து நாடகம் பார்ப்பார். இடையில் எட்டிப் பார்த்து "அந்த மூலையில பூசணி போடுங்கோ" என்பார்.

செலவையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐ எட்டியது. 60 டொலர் கேம் ஒன்று 12,000 ரூபாவிலிருந்து 21,600 ஆனது. அந்த வருடம் பால்மாவுக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து கேம் வாங்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் வருடத்துக்கு இரண்டு, அதுவும் தள்ளுபடியில். கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கேம் வாங்குபவர்களுக்கு ஒன்று: வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். அந்த 2 மணித்தியாலத்தில் கேம் நல்லதா என்பதோடு நடுவில் எழும்ப விடுகிறதா என்றும் பாருங்கள்.

இந்த வழியில் ஒரு குறைதான்: யாரும் இல்லை. 40 மணித்தியாலம் ஆடி முடித்த பிறகும் லண்டன்காரனுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

முற்றாக விடுவதும் ஒரு வழி. பிள்ளை பிறந்தபோது கணினியில் கேம் ஆடத் தேவையான கிராபிக்ஸ் கார்டை விற்றுவிட்டு 7 மாதம் ஒன்றும் ஆடாமல் இருந்தேன். மிச்சமான நேரம் புத்தகத்துக்கோ உடற்பயிற்சிக்கோ போகவில்லை, போனில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்ததில் போயிற்று. ஆனால் என் தெஹிவளை நண்பனின் தம்பி விட்டுவிட்டுக் காலையில் சுதந்திர சதுக்கத்தில் ஓடுகிறார். இரண்டு வருடமாகிறது, திரும்பிப் பார்க்கவே இல்லை. கேமை விட்டால் அந்த இடத்தில் வைக்க ஒன்று கையில் இருப்பவருக்கு இது நல்ல வழி.

நான் தெரிவு செய்தது இது. வேலை நாட்களில் ஸ்விட்ச் மட்டும், 10.45க்குப் பொத்தான். சனிக்கிழமை 9.30க்கு டோட்டா, இரண்டு மட்சுக்கு மேல் இல்லை. அந்த நேரம் பிள்ளை எழும்பினால் மனைவி பார்ப்பார். அதற்குப் பதில் ஞாயிறு விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை பிள்ளை முழுக்க என் பொறுப்பு. அவர் கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்குப் போவார், அல்லது பத்து மணி வரை தூங்குவார். ஞாயிறு ஒரு கிழமை தவறினால் அடுத்த சனி டோட்டா இல்லை. அதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டச் சொன்னது நான்தான். வாய்ப்பேச்சில் விட்டால் என் பக்கம் தளர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு மாற்றம் பெடியளோடு பேசிச் செய்தது. யாருடைய வீட்டிலாவது காய்ச்சல் என்றால் அன்றைக்கு மற்றவர்களோடு மோதுவதில்லை. நாங்களே லொபி என்ற தனி ஆட்ட அறை போட்டு, கணினியே ஆட்டுகிற பொட்களோடு ஆடுவோம். அங்கே போஸ் எங்கள் கையில். விறுவிறுப்புக் குறைவு, உண்மை. ஆனால் போன மாதம் நான் பிள்ளைக்கு மருந்து கொடுக்க எழும்பி 25 நிமிடம் கழித்து வந்தபோது, போஸில் நின்ற திரைக்கு முன்னால் நாலு பேரும் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதைய சிக்கல் மணிக்கூடு. எங்கள் 9.30, ரொறன்ரோவில் கோடையில் நண்பகல் 12. நவம்பரில் அங்கே ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தால் அது காலை 11 ஆகிவிடும். அந்த நேரம் ஒருவனுடைய மகளுக்கு நீச்சல் வகுப்பு. எங்கள் பக்கம் 10.30க்குத் தள்ளினால் என் ஞாயிறு கெடும். வருகிற சனி மட்ச் தொடங்க முன் அதைக் கதைத்து முடிக்க வேண்டும்.