சோனியாவின் நிறமா, ஃபார்ச்சுனியின் மடிப்பா?

ஓவியர் உடை வடிவமைத்தால் எப்படியிருக்கும் என்று அறிய விரும்புபவர் யாரிடமிருந்து தொடங்கலாம்? பாரிஸில் வாழ்ந்த சோனியா டெலோனே, வெனிஸில் வாழ்ந்த மரியானோ ஃபார்ச்சுனி, இருவருமே ஓவியர்கள்.

சோனியாவுக்கு (1885–1979) கான்வாஸும் துணியும் ஒன்றுதான். 1913இல் பலநிறத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த உடையை அணிந்து பாரிஸின் நடன அரங்குக்குப் போனார். முதல் உலகப்போர் காலத்தில் போர்ச்சுகலில் தங்கியவர், அங்கத்திய வெயிலில் மினோ பகுதிச் சந்தையை வரைந்தார். அதில் வெளிச்சம் வட்டம் வட்டமாகச் சுழல்கிறது. அதே வண்ணச் சேர்க்கைகள் பின்னர் அவருடைய மேலங்கிகளுக்கும் வந்தன. நிலத்தின் ஒளி உடம்பின் மேல் நடமாடுவதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஃபார்ச்சுனியின் (1871–1949) வழி வேறு. அவருடைய புகழ்பெற்ற டெல்ஃபோஸ் உடையில் பெரும்பாலும் ஒரே நிறம்தான். மெல்லிய பட்டில் நெருக்கமான மடிப்புகள், ஓரத்தில் வெனிஸை அடுத்த முரானோ தீவின் கண்ணாடி மணிகள். அந்த மணிகளின் எடையால் பட்டு உடலோடு ஒட்டி வழிகிறது. 1909இல் காப்புரிமை பெற்றபோது, உண்மையான கண்டுபிடிப்பாளர் ஹென்ரியட் என்று ஃபார்ச்சுனி கைப்பட எழுதிவைத்தார். பின்னாளில் அவருடைய மனைவியான ஹென்ரியட்டின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் தேர்வு சோனியா. அவருடைய நிறங்கள் புகைப்படத்திலும் பேசும். டெல்ஃபோஸின் மடிப்புகளை நேரில் பார்த்தால்தான் புரியும். அதற்கு வெனிஸில் ஃபார்ச்சுனி வாழ்ந்த மாளிகை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.