திப்புவின் இரண்டு அரண்மனைகள்: கிருஷ்ணகிரியிலிருந்து எதற்குப் போகலாம்?

ஒரு நாள் லீவில் திப்பு அரண்மனை பார்க்க நம்மூர்க்காரர்களுக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று பெங்களூரு மார்க்கெட் பக்கம். இன்னொன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவிரி பிரிந்து சுற்றி ஓடும் தீவில், இப்போது மியூசியமாக இருக்கும் தரியா தௌலத். இரண்டும் தேக்குத் தூண்களில் நிற்கும் கோடை அரண்மனைகள். போட்டோவில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

போய்வரச் சுலபம் பெங்களூருதான். ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் இறங்கி மஞ்சள் லைன் மெட்ரோ, ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடக்கலாம். சில்க் போர்டு நெரிசலில் வேக வேண்டியதில்லை. ஹைதர் அலி தொடங்கி, 1791-ல் திப்பு முடித்த கட்டடம். வளைவுகள் அழகு, சுவர்ப் பூ வேலை பெரும்பாலும் மங்கிவிட்டது. ஒரு மணி நேரம் தாராளம். பக்கத்திலேயே கோட்டை வெங்கடரமணர் கோயில், அப்புறம் மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். பெங்களூருவில் மைசூரு பஸ் மாற வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான். காரணம் அந்தச் சுவர்.

1784-ல் கட்டியது. தாழ்வாரத்தில் வெயில் படாமல் பச்சைத் தட்டி தொங்கும். அதைத் தாண்டி உள்ளே போனால் மேற்குச் சுவர் முழுக்க 1780-ல் நடந்த பொள்ளிலூர்ப் போர். நம் காஞ்சிபுரத்துப் பக்கத்துப் பொள்ளிலூரேதான். நடுவில் சதுரமாக அணிவகுத்த கும்பினிப் (கிழக்கிந்திய கம்பெனி) படை, வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, காயத்தோடு பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும் கர்னல் பெய்லி. கூட வந்த அத்தை அந்த விரலைப் பார்த்துவிட்டு, “பாவம், பரீட்சை எழுதப் போற பையன் மாதிரி இருக்கான்” என்றார். தோற்றவனின் முகத்தை இவ்வளவு குறும்பாக வரைந்தவர் யாரோ.

நமக்கு இன்னொரு கணக்கும் அங்கே இருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போட்ட ஒப்பந்தத்தில்தான் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமை, திப்புவின் கையைவிட்டுக் கும்பினிக்குப் போனது. கூடவே திப்புவின் இரண்டு பிள்ளைகளும் பிணையாகப் போனார்கள். அவருடைய மகன்களை தாமஸ் ஹிக்கி வரைந்த படங்கள் உள்ளே இருக்கின்றன. போரின் ஆரவாரத்தைப் பார்த்துவிட்டு அந்த முகங்களுக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

முட்டி வலிக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பெங்களூருக்கே போங்கள். மற்றவர்கள் தீவுக்குப் போனால் திப்புவின் சமாதியான கும்பஸையும், கிழக்கு முனையில் காவிரி மறுபடி சேரும் சங்கமத்தையும் விடாதீர்கள். அங்கே காலை நனைத்தபடி அத்தை, “இந்தத் தண்ணி ஒகேனக்கல் வர எத்தனை நாளாகும்?” என்று கேட்டார். யோசித்துச் சொல்வதற்குள் பெங்களூரு பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.