ஃபாரா, வொயிலா, எங்கே நிறுத்துவது?

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தால் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளும் லூப் பாடம், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை, வந்ததும் கேட்பது இதைத்தான்: ஃபார் நல்லதா, வொயில் நல்லதா?

ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்ற வேண்டும். எத்தனை என்று முன்பே தெரிந்துவிட்டதால் இது ஃபார் வேலை. சி பிளஸ் பிளஸில் தொடக்கம், நிபந்தனை, கூட்டல் மூன்றும் ஒரே வரியில் கண்ணுக்கு நேரே நிற்கும். வொயிலிலும் எழுதலாம்தான். ஆனால் ஒன்று கூட்டும் வரியை உள்ளே தனியாகப் போட வேண்டும். அது விட்டுப்போனால் பக்தர் முதல் தீர்த்தத்திலேயே விடிய விடிய நனைவார்.

கரைக்கு வந்த படகில் மீன் பெட்டி இறக்குவது வேறு கணக்கு. எத்தனை பெட்டி என்று தெரியாது, இருக்கும் வரை இறக்க வேண்டும். இங்கே வொயில். படகு வெறுமனே திரும்பியிருந்தால் வொயில் லூப் ஒரு முறைகூட ஓடாது. டூ வொயில் அப்படியில்லை, வேலையைச் செய்த பிறகுதான் நிபந்தனையைப் பார்க்கும். வெறும் படகிலும் ஒரு பெட்டியைத் தேடும். மெனுவைக் காட்டிப் பதில் கேட்பது போல, ஒரு தடவையாவது நடந்தாக வேண்டிய இடத்துக்கு அது போதும். பைத்தானில் அது கிடையவும் கிடையாது.

சரி, ஃபாரா வொயிலா என்று தேர்ந்தெடுப்பதில் தவறினால் பெரிய சேதம் இல்லை. அடி விழுவது நிபந்தனையில்.

ஐ என்ற எண்ணை 1-இல் தொடங்கி ஐ < 22 என்று எழுதினால் 21 முறைதான் ஓடும், ஒரு தீர்த்தம் விடுபடும். 0-இல் தொடங்கி ஐ <= 22 என்றால் 23 முறை. சரியாக 22 வருவது இரண்டு வழியில்: 1-இல் தொடங்கி <= 22, அல்லது 0-இல் தொடங்கி < 22. திரையில் வரிசை எண் அச்சிட முதலாவது வசதி. மற்ற எல்லாவற்றுக்கும் என் ஓட்டு இரண்டாவதற்கு. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் எண்ணிக்கை நேரே வந்துவிடும். 22 இடம் உள்ள அணியில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் அரே) கடைசி இடத்தின் எண் 21; இதில் <= போட்டால் பைத்தான் பிழை காட்டி நிறுத்தும், சி பிளஸ் பிளஸ் பல நேரம் வாய் திறக்காமல் பக்கத்து நினைவகத்தைப் படித்துவிடும். பைத்தானில் எண் வரிசை தரும் ரேஞ்ச் முடிவெண்ணைச் சேர்க்காததும் இந்த வழிதான்: 1 முதல் 22 வரை வேண்டுமென்றால் ரேஞ்ச்(1, 23). எண்ணுவதை 0-இல் தொடங்கி மேல் எல்லையை விட்டுவிடுவதே மேல் என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் ஒரு குறிப்பே எழுதினார்.

ஆனாலும் எதை எண்ணுகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் குறி போட வேண்டும். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 18.3 மீட்டரில் 99 கண் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி), மேலே தூக்கும் 72.5 மீட்டர் கண் ஒன்று, ஆக 100. கண்களை எண்ண 0 முதல் < 100. கண் தொடங்கும், முடியும் இடங்களை இரு முனையும் சேர்த்து எண்ணினால் 101; அங்கே <= 100 தான் சரி.

'சமமில்லை' என்னும் != குறியை நான் பரிந்துரைப்பதில்லை. 1-இலிருந்து இரண்டிரண்டாகப் போனால் 21-க்கு அடுத்து 23, ஐ!= 22 என்ற நிபந்தனை நிற்காமல் தாண்டிவிடும், < குறியோ 23-இல் பிடித்துவிடும். தசமத்தில் இன்னும் மோசம். 0-உடன் 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் கணினியில் 1 வராது, 0.9999999999999999 வரும். முழு எண்ணில் எண்ணிவிட்டு அப்புறம் பத்தால் வகுப்பதே பிழைக்கும் வழி.

இறங்குமுகமாக எண்ணும்போது >= 0 சரியாகத்தான் தெரியும். ஆனால் சி பிளஸ் பிளஸில் எண்ணும் மாறி (ஐ) அன்சைன்ட், அதாவது 0-க்குக் கீழே போகாத வகையாக இருந்தால் 0-இலிருந்து ஒன்று கழித்ததும் அந்த வகையின் மிகப் பெரிய எண்ணுக்குத் தாவிவிடும். நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும், லூப் முடியாது. சி பிளஸ் பிளஸில் நீளக்கூடிய அணியான வெக்டரின் சைஸ் தருவதும் அன்சைன்ட் எண்தான். அதை வாங்கிப் பின்னோக்கி எண்ணுகிறவர்கள் மாறியை 0-க்குக் கீழும் போகும் இன்ட் என்று அறிவித்துக்கொள்ளுங்கள்.